துக்கேன் என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர்: ஓக் மரமா, பிரபு வம்சமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: கணவர் வட பிரான்சின் லீல் நகரத்துக்காரர், குடும்பப் பெயர் துக்கேன் (Duquesne). குடும்பப் பெயரின் வரலாற்றை எழுதி வரச் சொல்லி மகனுக்குப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். மாமனார், "ஓக் மரம் என்று அர்த்தம், நாம் கடற்படைத் தளபதி ஆப்ரகாம் துக்கேன் வம்சம், முன்னால் நிற்கும் 'து' தான் அதற்குச் சாட்சி" என்கிறார். அகராதியைப் பிரித்தால் ஓக் மரத்துக்கு 'ஷேன்' என்று போட்டிருக்கிறது, 'கேன்' என்று எதுவும் இல்லை. ஆக, நீங்கள் பெயரின் பொருளை மட்டும் கேட்கவில்லை. மாமனார் சொல்வதில் எவ்வளவை நம்பி மகனின் நோட்டில் எழுதலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் பிரெஞ்சு மொழி வரலாறு படித்தவன். பழைய தேவாலயப் பதிவேடுகளை வாசித்து எழுதிக் கொடுப்பதும் நெடுநாள் பழக்கம். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். மரம் விஷயத்தில் மாமனார் சொல்வது சரி. 'து' விஷயத்தில் சரியில்லை. தளபதி விஷயத்தில், பெயர் ஒன்றை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல வழியே இல்லை. லீல் என்ற ஊரைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்கிறது.

முதலில் அகராதிச் சிக்கல். அகராதியில் இருப்பது பாரிஸைச் சுற்றி வளர்ந்த பிரெஞ்சு. லத்தீனில் 'க' ஒலியில் தொடங்கிய சொற்கள் அந்தப் பகுதியில் 'ச' ஆகி, பிறகு 'ஷ' ஆயின. பூனைக்கான 'கட்டுஸ்' அங்கே 'ஷா' ஆனது, வயலுக்கான 'காம்புஸ்' 'ஷாம்' ஆனது. வடக்கே நார்மண்டியின் பெரும்பகுதியிலும் பிக்கார்டியிலும் இந்த மாற்றம் நடக்கவில்லை. அங்கே பூனை 'கா', வயல் 'காம்' என்றே நின்றுவிட்டன. இந்த எல்லையை நார்மண்டிக்கு வரைந்து காட்டியவர் ஷார்ல் ஜொரே, ஆண்டு 1883. இன்றும் மொழியியலில் அதை ஜொரே கோடு என்றுதான் சொல்கிறோம். மேற்கே கிரான்வில் பக்கத்துக் கடற்கரையில் தொடங்கி, கிழக்கே பெல்ஜியம் வரை போகும். கோட்டுக்குத் தெற்கே ஓக் மரம் 'ஷேன்', வடக்கே 'கேன்'. அதனால்தான் தெற்கே துஷேன், வடக்கே துக்கேன். தச்சர்களின் பெயரிலும் இதே கதை: பாரிஸ் பக்கம் ஷர்பாந்தியே, லீல் பக்கம் கர்பாந்தியே. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் கர்பாந்தியே லான்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் லியேவானில் பிறந்தவர். அவர் பெயர் வேறு மாதிரி இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எழுத்தில் இருக்கும் 'எஸ்' பற்றியும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள், யாராவது 'துக்கெஸ்ன்' என்று வாசித்து வைப்பார்கள். ஒரு காலத்தில் அந்த 'ஸ்' ஒலித்தது. இடைக்காலத்திலேயே ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. 1740-இல் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 3-ஆம் பதிப்பில் இப்படி ஒலிக்காத எழுத்துகளை நீக்கி, உயிரெழுத்தின் தலையில் தொப்பி போட்டது. சாதாரணச் சொல் மாறிவிட்டது. குடும்பப் பெயர்கள் பதிவேட்டில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்துவிட்டன. ஆகவே இன்று எஸ் போட்ட துஷேனும் உண்டு, தொப்பி போட்ட துஷேனும் உண்டு.

சொல்லின் வேர் இன்னும் பழையது. ஓக் மரத்துக்கு லத்தீனில் 'குவெர்குஸ்'. இத்தாலியில் அதன் வாரிசு இருக்கிறது, பிரெஞ்சில் அது வழக்கொழிந்துவிட்டது. ரோமானியர் வருவதற்கு முன் அந்த நிலத்தில் பேசப்பட்ட கால் மொழியின் 'கஸ்ஸனோஸ்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உழவு சார்ந்த சொற்களில் இது பல இடங்களில் நடந்தது. பிரெஞ்சில் கலப்பை, வானம்பாடி, தேன்கூட்டுப் பெட்டி எல்லாமே கால் மொழி தந்தவை. ஆட்சி மொழி மாறினாலும் வயலில் நின்றவர்கள் தங்கள் சொல்லை விடவில்லை. ஆனால் ஒன்று: 'கஸ்ஸனோஸ்' எந்தக் கல்வெட்டிலும் கிடைத்த சொல் அல்ல, பின்வந்த வடிவங்களிலிருந்து மீட்டமைத்தது. வெல்ஷ், பிரெத்தோன் போன்ற உறவு மொழிகளில் ஓக் மரத்துக்கு 'தெர்வ்' வகைச் சொல்தான் இருக்கிறது, இது இல்லை. அதனால் கால் மொழிக்கும் முந்தைய ஏதோ ஒரு மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. மகனின் நோட்டில் 'கால் மொழிச் சொல் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்' என்று எழுதினால் போதும்.

இதே வேர் தெற்கே போனால் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. கசாஞ், லகசாஞ், ஷசாஞ் எல்லாம் ஓக் தோப்புதான். வேறு வேர்களிலிருந்தும் அதே மரம் வருகிறது: லத்தீன் 'ரோபுர்' வழியாக ரூவ்ரே, ரூவியேர், தென்பகுதிச் சொல்லான 'கரிக்' வழியாக கரிக், கரீக். பிரான்சின் வரைபடத்தில் இந்தப் பெயர்களை ஊர் ஊராகக் குறித்து வைத்தால் பழைய பேச்சு வழக்குகளின் எல்லைகள் தாமாகத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் மகனின் வேலைக்கு இதுதான் நல்ல பொருள். 'ஓக் மரம்' என்ற பொருள் ஒரே வரியில் முடிந்துவிடும். 'கேன்' என்ற வடிவம்தான், பெயர் எந்தப் பக்கத்தில் உருவானது என்று காட்டிக்கொடுக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வடிவம் காட்டுவது பெயர் பிறந்த இடத்தை, ஆள் பிறந்த இடத்தை அல்ல. ஓவியர் மார்செல் துஷாம் நார்மண்டியில் பிறந்தவர், ஜொரே கோட்டுக்கு வடக்கே. ஆனால் பெயர் துஷாம், துகாம் இல்லை. காரணம், அவருடைய அப்பா மத்திய மலைப்பகுதியான கந்தாலிலிருந்து வந்து குடியேறிய நோட்டரி. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. கனடாவின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துக்கேன் த மென்வில் பிறந்தது மத்தியதரைக் கடலோரத் தூலோனில். 1754-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய துக்கேன் கோட்டை அவர் பெயரில்தான். ஆங்கிலேயர் அதைப் பிடித்த பிறகு அந்த இடம் பிட்ஸ்பர்க் ஆனது. தூலோனில் ஓக் மரத்தை யாரும் 'கேன்' என்று சொன்னதில்லை. அவருடைய குடும்பம் நார்மண்டியிலிருந்து போனது.

அடுத்தது, மரம் எப்படிப் பெயராயிற்று என்பது. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு ஊரில் ழான், பியேர், கியோம் என்று நாலைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வந்தன. வரிப் பட்டியலில் எந்த ழான் என்று பிரித்துக் காட்ட, 'ஓக் மரத்தடி ழான்' என்று எழுதினார்கள். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் தொடர்ந்து, குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, 'கேன்' ஒருமை. தோப்பு என்றால் 'கெனுவா' அல்லது 'கெனே' என்று வந்திருக்கும், நம் புளியந்தோப்பு மாதிரி. லீலுக்குத் தென்கிழக்கே லெ கெனுவா என்றே ஒரு ஊர் இருக்கிறது. துக்கெனுவா என்ற பெயரும் உங்கள் பக்கம் சகஜம். பிரசெல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையை 1619-இல் செய்யச் சொல்லிப் பணித்தது ஜெரோம் துக்கெனுவா என்ற சிற்பியைத்தான். பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரிந்த பிரான்சுவா கெனேயின் பெயரும் இதே தோப்புதான். உங்கள் பெயர் தோப்பு அல்ல, தனி மரம். சுற்று வட்டாரமே அடையாளம் சொல்லும்படி ஒற்றையாக நின்ற மரம்.

அப்படிப்பட்ட மரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால், விடுமுறையில் மகனை நார்மண்டியில் அலூவில்-பெல்ஃபோஸ் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போங்கள். அங்கே தேவாலயத்தை ஒட்டி ஒரு ஓக் மரம் நிற்கிறது. வயது ஆயிரம் என்று ஊரார் சொல்வார்கள்; 800 என்று சொல்பவர்களும் உண்டு. அடிமரம் உள்ளே பொந்தாகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர்ப் பாதிரியார் அந்தப் பொந்துக்குள் மாதாவுக்கு ஒரு சிறு கோயில் அமைத்தார், அதற்கு மேலே இன்னொரு அறை. மரத்தைச் சுற்றி மரப்படிக்கட்டு ஏறுகிறது. பட்டை உதிர்ந்த இடங்களில் கூரைக்கு வேய்வது போல மரச்சில்லுகளை அடித்து மூடியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் வசந்தத்தில் பச்சை இலை விடுகிறது. இதுதான் உங்கள் குடும்ப மரம் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு மரம் எப்படி முகவரியாகும் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. சோம் மாவட்டத்தில் லெ கேன் என்றே ஒரு கிராமம் உண்டு. மரத்தின் பெயர் முதலில் ஊருக்கோ பண்ணைக்கோ போய், அங்கிருந்து வெளியேறியவனுக்கு ஊர்ப் பெயராக ஒட்டியிருக்கலாம். உங்கள் கணவரின் முன்னோர் மரத்தடியில் குடியிருந்தாரா, அந்தப் பெயருள்ள இடத்திலிருந்து வந்தாரா என்பதைப் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஆவணம்தான் பேச வேண்டும்.

இப்போது 'து'. இது 'த' என்ற முன்னிடைச் சொல்லும் 'லெ' என்ற சுட்டும் சேர்ந்தது, அவ்வளவுதான். பாலத்தடிக்காரன் துபோன், காட்டோரத்துக்காரன் துபுவா, ஆலைப் பக்கத்தவன் துமூலான். பிரான்சில் மூலைக்கு மூலை இருக்கும் இந்தப் பெயர்களெல்லாம் பிரபுக்கள் என்றால், வரி கட்டுவதற்கு ஆளே இருந்திருக்காது. பிரபு என்பதற்குச் சான்று நிலமும் பட்டயமும், எழுத்து அல்ல. ஆப்ரகாம் துக்கேனுக்கே உயர்வு வந்தது 'து'வால் இல்லை. கடலில் அவர் காட்டிய திறமைக்காக 14-ஆம் லூயி மார்க்கி என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார். 'உங்கள் பெயருக்கான குலச்சின்னம்' என்று படச்சட்டத்தில் மாட்டி விற்கும் கடைகளிலும் பணத்தைக் கொட்டாதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. அந்தப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவானது அல்ல.

தளபதி வம்சம் பற்றி. ஆப்ரகாம் துக்கேன் 1610 வாக்கில் தியெப் துறைமுகத்தில் பிறந்தார். தியெப் நார்மண்டியில், 'கேன்' பேசும் பகுதிக்குள், பெயர் பொருந்துகிறது. 1676-இல் சிசிலியின் அகுஸ்தா அருகே டச்சுத் தளபதி தெ ராய்ட்டரோடு மோதியவர். அந்தப் போரில் பட்ட காயத்தில்தான் தெ ராய்ட்டர் இறந்தார். நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு: ஆப்ரகாமின் அண்ணன் தம்பி வழி மகன் துக்கேன்-கிட்டோன் 1690-இல் ஒரு கப்பல் அணியோடு புதுச்சேரிக்கு வந்து, சென்னைக் கடலில் ஆங்கிலேய, டச்சுக் கப்பல்களோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கியமானது வேறு. ஆப்ரகாம் துக்கேன் புரட்டஸ்டன்ட். மதம் மாற மறுத்ததால் தளபதிகளின் உச்சப் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1685-இல் மன்னர் புரட்டஸ்டன்ட் மதத்தைத் தடை செய்தபோது அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். மகன் ஆன்ரி சுவிட்சர்லாந்தின் ஒபோன் என்ற ஊரில் குடியேறி, தந்தை இறந்த பிறகு அவருடைய இதயத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார். ஆக, அந்த வம்சத்தின் தடம் தியெப், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று போகிறது. உங்கள் கணவரின் ஊரான லீல் 17-ஆம் நூற்றாண்டில் 1667 வரை பிரெஞ்சு அரசின் கீழ் இல்லை. ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்த, கத்தோலிக்கம் வேரூன்றிய நகரம். கணவரின் முன்னோர் 17-ஆம் நூற்றாண்டிலேயே லீல் பக்கத்துக் கத்தோலிக்கப் பதிவேடுகளில் இருந்தால், தளபதியின் நேர்வழி என்ற கதை நிற்காது. ஓக் மரம் வடக்கே எங்கும் இருந்தது. துக்கேன் என்ற பெயரும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ஊர்களில் தனித்தனியாகத்தான் முளைத்தது. ஒரே பெயர், வெவ்வேறு மரங்கள்.

இப்படிப்பட்ட குடும்பக் கதைகளுக்குப் பிரெஞ்சில் பஞ்சமில்லை. சிலியிலிருந்து 1714-இல் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கொண்டுவந்த பொறியாளர் அமேதே ஃப்ரேசியேயின் பெயர் ஸ்ட்ராபெரிக்கான பிரெஞ்சுச் சொல்லான 'ஃப்ரேஸ்' என்பதை ஒத்திருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் முன்னோர் ஒருவர் மன்னருக்கு அந்தப் பழத்தைக் கொடுத்ததால் கிடைத்த பெயர் என்று ஒரு கதை. வம்ச வழியில் குடும்பப் பெயர் வரும் பழக்கமே அந்தக் காலத்தில் பிரான்சில் வேர்விடவில்லை. கதை அழகாக இருக்கிறது, அவ்வளவே. அப்புறம் லரோஸ், லவியோலெத், லத்யுலிப் என்று பூப்பெயர்கள் வருகின்றனவே, அவையும் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவை அல்ல. 17, 18-ஆம் நூற்றாண்டுப் படைகளில் சிப்பாய்களுக்கு வைத்த பட்டப் பெயர்கள். கியூபெக்குக்குப் போன சிப்பாய்கள் வழியாக அங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டன. அதனால் செடி, கொடி என்று கண்டவுடன் கிராமத்தைத் தேட வேண்டாம். புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களின் பிரெஞ்சுப் பெயர்களும் தனி வகை. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்த பெயர் லபோர்த். அந்தப் பெயர்களுக்கு ஜொரே கோட்டில் இடம் தேடிப் பயனில்லை.

சரி, நடைமுறையாக என்ன செய்யலாம்? இணையத்தில் ஜெயோபத்ரொனிம் என்ற தளத்தில் பெயரைத் தட்டினால், 1891 முதல் 1990 வரை பிறந்தவர்கள் மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று வரைபடமாகக் காட்டும். பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனத்தின் தரவு அது. பெயர் வடக்கே குவிந்திருப்பதை மகனே பார்த்துக்கொள்வான். பிறகு தாத்தாவின் பிறப்புச் சான்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 75 ஆண்டு தாண்டிய பிறப்பு, திருமணப் பதிவுகளை யாரும் பார்க்கலாம்; லீல் அடங்கிய நோர் மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1792 வரை நகராட்சிப் பதிவுகள், அதற்கு முன் தேவாலயப் பதிவுகள். வழியில் யாராவது பாரிஸில் பிறந்திருந்தால் கொஞ்சம் சிரமம், 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகள் 1871 கலவரத் தீயில் எரிந்துவிட்டன.

தேவாலயப் பதிவுக்குள் நுழைந்ததும் எழுத்துக்கூட்டலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே அப்பாவின் மூன்று பிள்ளைகள், ஒருவர் எஸ் போட்டு, ஒருவர் இரண்டு 'என்' போட்டு, ஒருவர் 'து'வைத் தனியாகப் பிரித்து என்று பதிவாகியிருப்பது சாதாரணம். பக்கத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறியும், 'எழுதத் தெரியாது என்றார்' என்ற குறிப்பும் இருக்கும். தன் பெயரை எப்படி எழுதுவது என்று அவருக்கே தெரியாதபோது, பாதிரியாரோடு அவர் எங்கே சண்டை போடுவது? 1794-இல் பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்தது. அதனால் இன்றைய துக்கேன்களும் இரண்டு 'என்' போடும் துக்கேன்களும் ஒரே கொடியாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

மிகப் பழைய ஊர் எது என்று தெரிந்த பிறகு, நெப்போலியன் காலத்தில் தொடங்கிய நில அளவை வரைபடத்தை எடுங்கள். 1807-இல் அதற்குச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வயலுக்கும், மூலைக்கும் மக்கள் சொன்ன பெயர் அதில் எழுதியிருக்கும். அங்கே 'கேன்' என்று ஒரு துண்டு நிலம் இருந்து, 18-ஆம் நூற்றாண்டில் உங்கள் குடும்பமும் அதே ஊரில் இருந்திருந்தால், அது வலுவான தடயம். தடயம்தான், தீர்ப்பு இல்லை. ஊர்ப் பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், அந்த வரைபடத்தில் வயல் பெயர்களை வாசிக்க உதவுகிறேன். 19-ஆம் நூற்றாண்டு அளவையாளர்களின் கையெழுத்து மருத்துவர் சீட்டை விட மோசம்.